பால் சங்கத் திண்ணையில் ஒரு தொலைக்காட்சி

சென்னைத் தொலைக்காட்சிக்கு இரண்டாவது சேனல் 1987 நவம்பரில் வந்தது. அப்போது நாங்கள் மாம்பலத்தில் குடியிருந்தோம். படம் சரியாக விழ மூன்று பேர் வேண்டும். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப அண்ணன், மாடிப்படியில் நின்று குரல் கடத்த நான், பெட்டி முன்னால் உட்கார்ந்து “போதும், போதும்... ஐயோ, போச்சு” என்று சொல்ல அம்மா. அந்தச் சேனலின் பெயரைச் சொல்லிக் குஜராத்தில் ஓர் ஊரின் தொலைக்காட்சி நிலையத்தை மூட முடிவெடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து, வேறு எதையோ தேடிப் புரட்டிய ஒரு புத்தகத்தில்தான். ஊரின் பெயர் பீஜ். கேடா மாவட்டம். அங்கிருந்த டிரான்ஸ்மிட்டரைச் சென்னைக்கு மாற்றுவதென்று 1985-ல் மத்திய அரசு முடிவு செய்தது. கேடா கிராமத்தார் எதிர்த்தார்கள். எடுபடவில்லை.

தொடர்பியல் மாணவர்களுக்குக் கேடாவை ஏறக்குறைய ஒரு தியாகி வரலாறு போலத்தான் சொல்லித்தருகிறார்கள். விஞ்ஞானிகள் குடியானவர்களுக்காக ஒரு நிலையம் கட்டினார்கள், கிராமத்தாரே நடித்தார்கள், யுனெஸ்கோ பரிசு கொடுத்தது, பிறகு டெல்லி வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு கதை இவ்வளவு வழவழவென்று இருந்தால் எனக்கு உறுத்தும். பத்தாண்டு வேர் விட்ட மரம் என்கிறார்கள். அப்படியானால் ஒரே ஓர் உத்தரவில் அது எப்படிச் சாய்ந்தது?

முதலில் பீஜ் எப்படி முளைத்தது என்பதைப் பார்த்துவிடலாம். இந்தியக் கிராமத்துக்குத் தொலைக்காட்சி வானத்திலிருந்து நேராக இறங்க வேண்டும், நகரத்திலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது விக்ரம் சாராபாயின் எண்ணம். 1969-ல் அமெரிக்காவின் நாசாவோடு அதற்கு ஒப்பந்தமாயிற்று. 1971 டிசம்பரில் சாராபாய் இறந்துபோனார். அவர் இல்லாமலேயே, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ‘சைட்’ என்ற அந்தச் செயற்கைக்கோள் சோதனை நடந்தது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம். ஓராண்டு முடிந்ததும் நாசா தன் ஏடிஎஸ்-6 கோளை நகர்த்திக்கொண்டு போய்விட்டது. அதுவும் ஒப்பந்தப்படிதான்.

அந்த ஆறு மாநிலப் பட்டியலில் குஜராத் கிடையாது. ஆனால் சோதனையை நடத்திய விண்வெளிப் பயன்பாட்டு மையம் இருந்தது அகமதாபாத்தில். யஷ் பால் இயக்குநர், இ. வி. சிட்னிஸ் திட்ட மேலாளர். பக்கத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மாவட்டத்தை வைத்துக்கொள்ள அவர்கள் ஆசைப்பட்டார்கள். அப்படித்தான் அகமதாபாத்துக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில், பீஜ் கிராமத்தில், ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று ஏறியது. சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 400 கிராமங்களுக்கு 600-க்கும் மேற்பட்ட பொதுப் பெட்டிகளைக் கொடுத்தார்கள். வானத்து விருந்தாளி கிளம்பிப் போன பிறகும் தரையில் நின்ற இந்தக் கோபுரம் வேலை செய்துகொண்டே இருந்தது. கிளையாக வைத்தது மரத்தைவிட ஒன்பது ஆண்டு அதிகம் வாழ்ந்தது.

சோதனைக்கு இதைவிடத் தோதான மாவட்டம் இந்தியாவில் வேறு கிடைத்திருக்காது. 1918-ல் காந்தியும் வல்லபாய் படேலும் வரிகொடா சத்தியாக்கிரகம் நடத்திய மண். 1946-ல் பதிவான கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம், அதாவது அமுல், இங்கேதான். தெரு விளக்கு வராத ஊரில்கூட பால் சங்கம் இருக்கும். பொதுப் பெட்டிகள் பல போய் உட்கார்ந்ததும் அந்தச் சங்கத்துக் கட்டடங்களில்தான். மற்றவை பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும். கேடாவில் பலித்ததை வைத்து ‘கிராமத் தொலைக்காட்சி பலிக்கும்’ என்று பொதுவாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் வைக்கும் ஆட்சேபம் இது. வண்டல் மண்ணில் விளைந்த நெல்லைக் காட்டி விதையை மட்டும் புகழ்கிறீர்கள்.

ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். எருமை சினைப்பருவத்துக்கு வந்தால் பசுவைப் போலக் கத்தாது, பரபரக்காது. பல எருமைகள் அமுக்கமாக இருந்துவிடும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த மூன்று வாரத்துக்குத் தீவனச் செலவுதான். தொலைக்காட்சியில் இதற்கான அடையாளங்களை நன்றாகப் படம்பிடித்துக் காட்டலாம். ஆனால் பார்த்தவர் மறுநாள் காலை என்ன செய்வார்? தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டத்திலோ பீகாரிலோ என்றால் பெருமூச்சு விடுவார். கேடாவில் பால் ஊற்றப் போகிற இடத்திலேயே சொல்லிவிட்டு வரலாம். சினை ஊசி போட ஆளை அனுப்புவது சங்கத்தின் வேலை. கால்நடை மருத்துவரும் சங்கத்தின் ஏற்பாடு, தீவனமும் அப்படியே. திரை சொன்னதைச் செய்து முடிக்கும் கை, திரையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. இந்தக் கையை விட்டுவிட்டுத் திரைக்கு மட்டும் மதிப்பெண் போட முடியாது.

சரி, திரைக்கு எவ்வளவு போடலாம்? நிறையவே போடலாம் என்பது என் கணிப்பு. அன்றைய இந்தியாவில் வேறு யாரும் செய்யாத ஒன்றை அகமதாபாத் குழு செய்தது. நிகழ்ச்சியை எழுதுபவர், எடுப்பவர், சமூக ஆய்வாளர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எழுதுவதற்கு முன்பு ஆய்வாளர் கிராமத்துக்குப் போய்த் தங்கிக் கேட்டுவர வேண்டும். எடுத்த பிறகு கிராமத்தில் போட்டுக்காட்டிப் புரிகிறதா, கடுப்பாகிறதா என்று பார்க்க வேண்டும். புரியாவிட்டால் திருத்தம். 1967 முதல் டெல்லியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த ‘கிருஷி தர்ஷன்’ உட்பட, நம் நாட்டு வேளாண் நிகழ்ச்சிகளின் பொது லட்சணம் என்னவென்று நமக்குத் தெரியும். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, முன்னால் ஒரு பூச்சாடி, ஹெக்டேருக்கு இத்தனை கிலோ யூரியா. கேடாக் குழு கேமராவைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனது. கிராமத்தாரை நடிக்க வைத்தது, எழுதவும் வைத்தது.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சைட் சோதனையில் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் மூன்றுக்கும் சேர்த்து ஒரே இந்தி. மைதிலி பேசும் கிழவிக்கும் மார்வாரி பேசும் கிழவனுக்கும் ஒரே வாசகம். இருவருக்கும் அது பாதிதான் போய்ச் சேரும். பீஜ் பேசியதோ, கேடாவைச் சுற்றிய சரோத்தர் வட்டாரத்தின் குஜராத்தி. அகமதாபாத்காரர் கேட்டால் சிரிப்பார். பட்டணத்தான் சிரிக்கிற பாஷையில் ஒரு நிலையம் நாள்தோறும் பேசியது என்பதையே நான் அதன் ஆகப் பெரிய சாதனையாக வைப்பேன். கோயம்புத்தூர்த் தமிழும் நெல்லைத் தமிழும் நம் திரையில் இன்றும் பெரும்பாலும் நகைச்சுவைக்குத்தான் வருகின்றன. கரிசல் விவசாயிக்குக் கரிசல் பேச்சில் உரம் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. வானொலியின் வீடும் வயலும் பகுதிகூட ஒரு மாதிரி நடுத்தரத் தமிழோடு நின்றுவிட்டது.

தொடர் நாடகங்களும் வந்தன. அவற்றில் பேர் வாங்கிய ஒன்று ‘சதுர் மோட்டா’; புத்திசாலிப் பெரியவர் என்று பொருள். குடும்பச் சண்டை, வரதட்சிணை, குடி, தீண்டாமை, பெண் பிள்ளைகளின் நிலை, நிலமற்றவரின் கூலி என்று நாடகங்களுக்கு எடுத்துக்கொண்ட பொருள்கள் போயின. கூலி என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கேடாவில் நிலம் பெரும்பாலும் பட்டிதார் சாதியாரிடம். புகையிலைத் தோட்டத்தில் வேலைக்கு வருபவர்கள் பாரையாக்களும் அரிஜனங்களும். அந்த மாவட்டத்தில் நியாயக் கூலி பற்றி நாடகம் போடுவது, பெட்டி வைக்க இடம் கொடுத்தவரின் வீட்டு வாசலில் நின்று அவர் கணக்கைக் கேட்பதற்குச் சமம். அதைச் செய்தார்கள். அரசு விதிக்குள் இயங்கும் ஒரு நிலையம் அதைச் செய்தது என்பது எழுபதுகளின் பின்பாதியில் சின்ன விஷயமில்லை.

இனி எதிர்க்கணக்கு. பொதுப் பெட்டி என்றால் எல்லாருக்கும் பொது என்று அர்த்தமாகிவிடாது. பால் சங்கத்துக் கட்டடத்துக்கு மாடு உள்ளவன் தினம் இருமுறை போகிறான். மாடில்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? பால் ஊற்றும் வரிசையில் சாதி பார்ப்பதில்லை என்று அமுல் பெருமையாகச் சொல்லும், அது பெரிய அளவுக்கு உண்மையும்கூட. ஆனால் வரிசையில் நிற்பதும், இருட்டிய பிறகு அதே முற்றத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பதும் ஒன்றல்ல. பெண்கள் சங்கதியும் இப்படித்தான். மாலையில் எருமை கறக்கிறவளும் ரொட்டி தட்டுகிறவளும் அவளே. நிகழ்ச்சி அவளுக்காக, ஒளிபரப்பாகும் நேரமோ அவள் அடுப்படியில் இருக்கும் நேரம். சைட் கிராமங்களில் பினோத் அகர்வால் முதலான மானுடவியலாளர்கள் நடத்திய ஆய்வுகளிலும் இதே குறை தென்பட்டது: முதல் சில வாரங்கள் திருவிழாக் கூட்டம், பிறகு சரிவு, பெண்கள் எப்போதுமே குறைவு.

அதோடு கேடா ஏழை மாவட்டமில்லை. பால் பணமும் புகையிலைப் பணமும் வந்த வீடுகளில், ஆப்பிரிக்காவிலும் இங்கிலாந்திலும் உறவுக்காரர்கள் இருந்த வீடுகளில், சொந்தப் பெட்டி சீக்கிரமே வந்துவிட்டது. சொந்தப் பெட்டி வந்தவன் பொதுப் பெட்டிக்கு முன்னால் உட்காரமாட்டான். 1982-ல் தேசிய நிகழ்ச்சியும் வண்ணமும் வந்தன, 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர் தொடங்கியது. இவற்றுக்குப் பக்கத்தில் கறுப்பு-வெள்ளை எருமையைப் பார்க்க எத்தனை பேர் ஆசைப்பட்டிருப்பார்கள்? பீஜின் அபிமானிகள் இந்தக் கேள்வியைத் தொடாமலே போவார்கள். நிலையத்தை மூடியபோது அது உச்சியில் இருந்தது என்று அடித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏற்கெனவே கொஞ்சம் தேயத் தொடங்கியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்த உத்தரவு. டெல்லியின் பக்கம் நின்று யோசித்தால் அதன் தர்க்கம் புரிகிறது. 1983-ல் இன்சாட்-1பி மேலே போயிற்று. அடுத்த ஆண்டு நாடெங்கும் டிரான்ஸ்மிட்டர் நடும் வேலை வெறிபிடித்தாற்போல் நடந்தது; சில மாதங்கள் நாளுக்கு ஒன்று வீதம் என்று சொல்லும் அளவுக்கு. நாட்டையே ஒரு வலையில் பிடிக்கும் நேரத்தில், ஒரு மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் எதற்கு? அகமதாபாத்தின் பெரிய கோபுரமே பார்த்துக்கொள்ளாதா? பெருநகரங்களுக்கோ இரண்டாவது சேனல் கொடுத்தாக வேண்டும். டெல்லிக்கு 1984-ல், பம்பாய்க்கு 1985-ல் கொடுத்தாயிற்று. அடுத்து சென்னை. கருவி கையில் இருக்கிறது, இங்கே எடுத்து அங்கே வை. குமாஸ்தா கணக்கில் பிழையே இல்லை.

சென்னைக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. 1982-க்குப் பிறகு நம் வீட்டுப் பெட்டியில் இரவின் நல்ல நேரத்தை இந்தியும் ஆங்கிலமும் எடுத்துக்கொண்டன. தமிழுக்குக் கிடைத்தது முன்னிரவுத் துண்டுதான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ போடும்போது தெருவே வெறிச்சோடியது பாட்டு மோகத்தால் மட்டுமில்லை. அந்த அரை மணி நேரமாவது பெட்டி நம் பாஷையில் பேசுகிறதே என்ற ஆறுதலும் அதில் உண்டு. ஆக, சரோத்தர் குஜராத்தி கேட்டவரிடமிருந்து பறித்துத் தமிழ் கேட்டவருக்குக் கொடுத்தார்கள். தன் பாஷைக்கு நேரம் கேட்ட இருவரில் ஒருவர் ஓட்டும் விளம்பர மதிப்பும் அதிகம் உள்ள பெருநகரத்தில் இருந்தார், இன்னொருவர் இல்லை. இந்தியையோ ஹம் லோக்கையோ அரை மணி நேரம் நகர்த்தியிருந்தால் இருவருக்குமே இடம் கிடைத்திருக்கும். அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஹம் லோக்கைச் சும்மா இழுக்கவில்லை. மெக்சிகோவின் மிகெல் சபிடோ காட்டிய வழியில், குடும்பக் கட்டுப்பாட்டைக் கதைக்குள் வைத்துச் சொல்லவே அது தொடங்கியது. சில வாரங்களிலேயே பிரசாரம் அதிகம் என்று முணுமுணுப்பு எழ, செய்தியைத் தணித்துக் கதையைக் கூட்டினார்கள். மேகி நூடுல்ஸ் விளம்பரதாரர். 156 பகுதி ஓடி முடிந்தபோது, தொடரும் விளம்பரமும் சேர்ந்தால் காசு கொழிக்கும் என்ற பாடம்தான் தூர்தர்ஷனின் மனதில் நின்றது. நாடகம் வழியாக நல்லது சொல்வது எப்படி, பார்ப்பவரிடம் முன்கூட்டியே சோதித்துத் திருத்துவது எப்படி என்று கேடாக்காரர்கள் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்துவிட்டிருந்தார்கள். டெல்லி அந்த அனுபவத்தை மெக்சிகோவில் தேடியது. சொந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் காதில் விழவில்லையா?

இதுவரைக்கும் வழக்கு பீஜுக்குச் சாதகமாகத்தான் போகிறது. திரும்பும் இடம் உரிமை. பீஜ் நிலையம் யாருடையது? டிரான்ஸ்மிட்டர் தூர்தர்ஷனின் கையில், அதாவது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம். நிகழ்ச்சி எடுப்பவர்கள் விண்வெளித் துறையின் ஊழியர்கள். பெட்டிகள் அரசுடையவை. பார்ப்பவர்கள் மட்டும் கேடாக்காரர்கள். ஒரு கிராமத்துக்கும் அதில் பங்கு இல்லை. ஒரு ரூபாய் சந்தா இல்லை. நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் கடிதம் எழுதலாம், ஆய்வாளர் வந்தால் சொல்லலாம். நிலையத்தை எடுத்துக்கொண்டு போகாதே என்று சொல்ல எந்த ஏட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது. போராட்டத்தில் இறங்கியவர்கள் நிலையத்தின் உரிமையாளர்களாக அல்ல, பயனாளிகளாகத்தான் இறங்க வேண்டியிருந்தது.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. பெட்டி வைக்கப்பட்ட அதே சங்கத்துக் கட்டடத்தில், அதே அறையில், உரிமை என்றால் என்ன என்பதற்கு இந்தியாவின் ஆகச் சிறந்த பாடம் காலையும் மாலையும் நடந்துகொண்டிருந்தது. குடத்தில் பால் கொண்டுவருகிறார்கள், அளக்கிறார்கள், சிறு குப்பியில் மாதிரி எடுத்துக் கொழுப்புச் சத்து பார்க்கிறார்கள், தரத்துக்கு ஏற்பக் கணக்கு எழுதிப் பணம் தருகிறார்கள். அந்தப் பாலூற்றுகிறவரே சங்கத்தின் உறுப்பினர். சங்கங்கள் சேர்ந்தே ஒன்றியம். பால்பவுடர் ஆலையும் வெண்ணெய் ஆலையும் அந்த ஒன்றியத்துடையவை. கலெக்டரோ அமைச்சரோ நினைத்தால் ஆனந்த் ஊரிலிருக்கும் அமுல் ஆலையைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்ப முடியுமா? அமுலை வளர்த்த திரிபுவன்தாஸ் படேலும் குரியனும் விட்டிருக்கமாட்டார்கள் என்பது ஒருபுறம். ஆலை அவர்களுக்கும்கூடச் சொந்தமில்லை என்பதே அதன் பலம். விஞ்ஞானிகள் சங்கத்தின் கூரையை இரவல் வாங்கினார்கள். அதன் சட்ட அமைப்பை இரவல் வாங்க நினைக்கவில்லை.

சட்டம் இடம் கொடுத்திருக்காது என்று உடனே பதில் வரும். உண்மைதான். 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி ஒலிபரப்பு மத்திய அரசின் ஏகபோகம். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1995 பிப்ரவரி ஆயிற்று. பீஜுக்கு அது பத்தாண்டு தாமதம். ஆனால் கோபுரத்தைச் சொந்தமாக்கிக்கொள்வது ஒன்றுதான் வழியா? நிகழ்ச்சித் தயாரிப்பைச் சங்கங்களின் பொறுப்பில் கொடுத்திருக்கலாம். மாவட்டத்தின் ஒப்புதலின்றி ஒளிபரப்பை நிறுத்தக் கூடாது என்று இரு துறைகளுக்கும் இடையே ஓர் எழுத்தாவது வாங்கியிருக்கலாம். கிராமத்துக்காரனிடம் காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், ‘மந்தன்’. ஷியாம் பெனகல் 1976-ல் எடுத்த அந்தப் படத்துக்குக் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். பீஜ் கோபுரம் ஏறிய மறு ஆண்டு, அதே மாநிலத்தில், அதே கூட்டுறவு இயக்கத்துக்காரர்கள் ஒரு முழுநீளத் திரைப்படத்துக்கு முதலாளிகள் ஆனார்கள். பெனகல் சைட் சோதனைக்கும் குழந்தைகள் நிகழ்ச்சி எடுத்துக் கொடுத்தவர்தான். இரண்டு உலகமும் ஒன்றையொன்று அறியாதவை இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதை நான் பல நாள் மனதில் போட்டுப் புரட்டினேன். சங்கங்களின் நிர்வாகத்தில் பட்டிதார்களின் கை ஓங்கியிருந்தது. நிலையம் சங்கத்துடையதாக இருந்தால் கூலி நாடகம் ஒளிபரப்பாகியிருக்குமா? முதல் வாரமே ‘ஊருக்குள் கலகம் வேண்டாம்’ என்று சொல்லி நிறுத்தியிருப்பார்கள் அல்லவா? அகமதாபாத் குழுவால் துணிச்சலாகப் பேச முடிந்ததே அவர்கள் வெளியார் என்பதால்தானே? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மந்தன் பாதிப் பதில் சொல்கிறது. ஊர்ப் பெரிய மனிதருக்கு எதிராகத் தாழ்த்தப்பட்டவர்கள் சங்கத் தேர்தலில் வெல்வதுதான் அந்தக் கதையின் முடிச்சு. அதற்குப் பணம் கொடுத்தவர்களும் பால்காரர்களே. ஆனால் படம் ஒருமுறை எடுத்து முடிக்கிற காரியம், நிலையம் அன்றாடம். மாநில அளவிலான கூட்டமைப்பு தரும் சுதந்திரத்தைக் கிராமத்துச் சங்கத் தலைவர் தருவாரா என்பது சந்தேகமே. நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தொண்ணூறுகளில் கேபிள்காரர்கள் நடத்திய உள்ளூர்ச் சேனல்களை நினைத்துப் பாருங்கள். உரிமை முழுக்க ஊர்க்காரனுடையது. ஓடியதென்னவோ நகைக்கடை விளம்பரம், காதுகுத்து வாழ்த்து, நள்ளிரவில் புதுப்படம். ஊரில் கூலி என்ன என்று ஒரு சேனலும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியிருந்தும் தராசை நான் உரிமையின் பக்கம்தான் சாய்க்கிறேன். காரணம் எளிது. கொஞ்சம் மழுங்கிய நிலையம் என்றாலும் இருந்திருந்தால் அதற்குள் சண்டை போட்டிருக்கலாம். கூலி நாடகம் வேண்டும் வேண்டாம் என்று சங்கக் கூட்டத்தில் நாற்காலி பறந்திருக்கலாம். இல்லாத நிலையத்துக்குள் எந்தச் சண்டையும் போட முடியாது. அகமதாபாத் குழு தன் வெற்றியை அளந்த விதத்திலேயே பிழை தொடங்கிவிட்டது. பார்ப்பதற்கு முன்னால் எத்தனை பேருக்குத் தடுப்பூசி பற்றித் தெரியும், பார்த்த பின் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கணக்கெடுத்தார்கள். நாளைக்கு நாம் போய்விட்டால் இதை நடத்த இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணவில்லை. பெயரிலும் அது தெரிகிறது. எல்லா அறிக்கையிலும் அது ‘திட்டம்’, ‘களச் சோதனை’. சோதனை என்று பெயர் வைத்த ஒன்றை முடித்துவிட்டதாக அறிவிக்க யாருக்கும் மனசாட்சி குத்தாது; வெற்றி பெற்ற சோதனையென்றால் இன்னும் சௌகரியம்.

தீர்ப்பைப் பிரித்தே எழுத வேண்டும். நிகழ்ச்சி என்ற அளவில் பீஜை மிஞ்சிய மாவட்டத் தொலைக்காட்சி இந்நாட்டில் வந்ததில்லை. யுனெஸ்கோ கொடுத்தது தகுதிக்குத்தான். எட்டிய ஆட்கள் என்று பார்த்தால் நடுத்தரம். பெண்களையும் மாடில்லாதவரையும் அது வாயளவில் அணைத்த அளவுக்குத் திண்ணையில் அணைக்கவில்லை. டெல்லியின் முடிவு அதன் சொந்தக் கணக்கிலேயே தோற்றது. யாருக்காகப் பறித்தார்களோ அந்தச் சேனல் 1993 ஜனவரியில் மற்ற மூன்று பெருநகரச் சேனல்களோடு கோக்கப்பட்டு மெட்ரோ ஆயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் சன் டிவி வந்து சென்னையின் பொழுதுபோக்குப் பசியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. 2003 நவம்பரில் மெட்ரோவைச் செய்திச் சேனலுக்காக மூடினார்கள். ஆனால் நிலையம் செத்ததற்கான முதல் பொறுப்பை நான் டெல்லியிடம் கொடுக்கமாட்டேன். பிடுங்குகிறவன் பிடுங்கத்தான் செய்வான் என்பது தெரிந்த மண்ணில், பத்தாண்டு அவகாசம் இருந்தும் வேலி போடாதவர்களிடம்தான் கொடுப்பேன். அவர்கள் நல்லவர்கள், திறமையானவர்கள், நேர்மையானவர்கள். இந்தக் குறையை அது மாற்றிவிடாது.

அவர்கள் பாடம் கற்றார்களா என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தொண்ணூறுகளில் அதே அகமதாபாத் குழுவினர் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் 150 கிராமங்களுக்கு மறுபடியும் ஒளிபரப்பினார்கள். இம்முறை செயற்கைக்கோள் வழியாக, பழங்குடி மக்களுக்காக. கிராமத்திலிருந்து திரும்பக் கேள்வி கேட்கும் வசதியும் சேர்த்து. நிகழ்ச்சியைப் பற்றி நல்ல பேச்சுத்தான். அதற்கும் அவர்கள் வைத்த பெயர் ‘ஜாபுவா வளர்ச்சித் தொடர்புத் திட்டம்’.